வராத வள்ளத்துக்கும் ஒரு வரி

ஒரே புயல், பல எண்கள்

2017 டிசம்பர் மாதத்துச் செய்தித்தாள்களைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் நினைவிருக்கும். நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஒரே கேள்விதான்: எத்தனை மீனவர்கள் திரும்பவில்லை? மாநில அரசு ஓர் எண்ணைச் சொன்னது. தில்லியில் வேறோர் எண் சொன்னார்கள். பங்குத்தந்தையர்கள் ஊர் ஊராகத் திரட்டிய பட்டியல் இரண்டையும் தாண்டி நின்றது. நாளுக்கு நாள் எண்கள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின.

யாரோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். மறைத்தவர்களும் இருந்திருக்கலாம், அது வேறு விசாரணை. ஆனால் ஒருவர்கூடப் பொய் சொல்லாத இடத்திலும், நேர்மையாக எழுதிய இரண்டே பட்டியல்களிலிருந்து நாலைந்து வெவ்வேறு எண்கள் பிறக்கும். ஒவ்வொன்றும் அதனதன் அளவில் சரியாகவும் இருக்கும். இது எப்படி நடக்கிறது?

ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, தேர்தல் பட்டியல் என எல்லாமே இன்று கணினியில் அட்டவணைகளாகத்தான் கிடக்கின்றன. ஓர் அட்டவணையைத் தனியாக வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பொருத்தும்போதுதான் விடைகள் வரும். அந்தப் பொருத்தும் வேலையில் யார் விட்டுப்போகிறார்கள், யாரை விடாமல் பிடிக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் சங்கதி.

ஆலந்தலைக் கரையில் இரண்டு நோட்டுகள்

புயலின் கணக்கை நேரடியாக எடுத்தால் தலை சுற்றும். முதலில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை. முத்துக்குளித்துறையின் பழைய பரதவர் ஊர்களில் ஒன்று. வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீன் மணலில் கொட்டப்படும், ஏலக்காரர் விலை கூறுவார், வியாபாரிகள் கேட்பார்கள், நோட்டில் ஏறும்.

கணக்கை எளிதாக்க, ஊரில் ஐந்தே வள்ளங்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர்களும் தொகைகளும் நானே இட்டவை. ஊரில் இருக்கும் உண்மையான வள்ளங்கள் இதைவிட மிக அதிகம். ஊர்க் கமிட்டியிடம் இருக்கும் பதிவேட்டில் வள்ளத்தின் பெயரும், அதில் கடலுக்குப் போகும் ஆட்களின் எண்ணிக்கையும் இப்படி:

அந்தோணியார் – 4 பேர்
சவேரியார் – 5 பேர்
ஸ்டெல்லா மாரிஸ் – 3 பேர்
திரு இருதயம் – 4 பேர்
சலேத் மாதா – 3 பேர்

அன்றைக்குக் காலை ஏல நோட்டில் ஏறியது:

அந்தோணியார் – சாளை – 4,200 ரூபாய்
அந்தோணியார் – நண்டு – 1,800 ரூபாய்
சவேரியார் – சீலா – 6,000 ரூபாய்
ஸ்டெல்லா மாரிஸ் – பாறை – 3,000 ரூபாய்
கடல் ராணி – விளமீன் – 2,500 ரூபாய்

இரண்டும் தனித்தனி நோட்டுகள். எழுதியவர்கள் வேறு, எழுதிய காரணமும் வேறு. இரண்டிலும் பொதுவாக இருப்பது வள்ளத்தின் பெயர் ஒன்றுதான். பொருத்துவதற்குப் பிடி அதுவே. கணினிக்காரர்கள் அதைச் சாவி என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

அந்தோணியாருக்கு இரண்டு வரிகள் இருப்பதையும், கடல் ராணி பதிவேட்டிலேயே இல்லாததையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பின்னால் வந்து காலை வாரும்.

பொருந்தியது மட்டும் போதுமா?

'பதிவேட்டையும் ஏல நோட்டையும் வள்ளத்தின் பெயரால் இணை' என்று கணினியிடம் சொன்னால் அது முதலில் செய்வது உள் இணைப்பு. சாவி இரண்டு பக்கமும் இருந்தால் வரி உண்டு, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வரியே இல்லை. விடையாக நாலு வரிகள் வரும்: அந்தோணியார் இரண்டு தடவை, சவேரியார் ஒன்று, ஸ்டெல்லா மாரிஸ் ஒன்று.

திரு இருதயம் எங்கே? சலேத் மாதா எங்கே? எங்கேயும் இல்லை. 'இவை விடுபட்டன' என்று கணினி எச்சரிக்கவும் செய்யாது. அதன் பார்வையில் தவறு எதுவும் நடக்கவில்லை. கேட்டது பொருந்தியவற்றை, கொடுத்தது பொருந்தியவற்றை. இந்த ஓசையில்லாத விடுபடல்தான் உள் இணைப்பின் ஆபத்து. பிழைச் செய்தி வந்தால் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். நாலு வரி ஒழுங்காக வந்து நின்றால் யார் பார்க்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கரை சேர்ந்த ஆட்கள் எத்தனை பேர் என்று இந்த நாலு வரிகளிலிருந்து கூட்டிப் பாருங்கள். 4, மறுபடி 4, 5, 3. மொத்தம் 16. உண்மையில் வந்தவர்கள் 12 பேர்தான். அந்தோணியார் இரண்டு வகை மீன் கொண்டுவந்ததால் அதன் ஆட்கள் இரண்டு தடவை எண்ணப்பட்டுவிட்டார்கள். ஒரே இணைப்பில் ஒரு பக்கம் ஏழு பேர் காணாமல் போனார்கள், இன்னொரு பக்கம் நாலு பேர் புதிதாய் முளைத்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று மூடி மறைக்கும் என்பது கூடுதல் தொந்தரவு. பதிவேட்டின்படி மொத்தம் 19 பேர். 16 என்று வந்தால் 'மூன்று பேர்தானே குறைகிறார்கள், ஒரு சின்ன வள்ளம் வர வேண்டியிருக்கும்' என்று ஒருவர் நினைத்துவிடலாம்.

இடப்பக்கம் யாரை நிறுத்துவது?

கரையில் நின்று காத்திருக்கும் பெண் கேட்பது உள் இணைப்பின் கேள்வியை அல்ல. "எந்த வள்ளம் இன்னும் வரல, அண்ணே?" என்று கேட்கிறார். வந்தவற்றின் பட்டியலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. வந்திருக்க வேண்டியவற்றின் பட்டியலை முதலில் முழுமையாக வைத்து, அதன் எதிரே வந்தவற்றை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். நிரம்பாத இடம்தான் விடை.

இதற்குப் பெயர் வெளி இணைப்பு. நிரல் எழுதுபவர்கள் வாயில் 'அவுட்டர் ஜாயின்'. பதிவேட்டை இடப்பக்கம் வைத்து, 'இடப்பக்கத்தில் ஒரு வரியும் விடுபடக் கூடாது' என்று சொன்னால் அது இட வெளி இணைப்பு. விடை ஆறு வரிகளாக வரும். முதல் நாலு வரிகள் மேலே பார்த்தவையே. ஐந்தாவது: திரு இருதயம், 4 பேர், மீன் வெற்று, தொகை வெற்று. ஆறாவது: சலேத் மாதா, 3 பேர், வெற்று, வெற்று. 'மீன் வெற்றாக உள்ள வரிகளை மட்டும் காட்டு' என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் இரண்டே பெயர்கள் மிஞ்சும். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அதுதான்.

ஏலக்காரருக்கு வேறு கவலை. தன் நோட்டில் எழுதிய ஒவ்வொரு தொகைக்கும் கணக்கு முடிய வேண்டும். அவர் ஏல நோட்டு முழுவதையும் காப்பாற்றச் சொல்வார். அது வல வெளி இணைப்பு. ஐந்து வரிகள் வரும், கடல் ராணியின் எதிரே பதிவேட்டுப் பகுதி வெற்றாக நிற்கும். மீன் விற்றிருக்கிறது, பணம் கைமாறியிருக்கிறது, ஆனால் யாருடைய வள்ளம் என்று பதிவேடு சொல்லவில்லை. மணப்பாட்டிலிருந்தோ அமலிநகரிலிருந்தோ வந்து இந்தக் கரையில் விற்றுவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு விடை வேண்டுமானால் முழு வெளி இணைப்பு. இரு பக்கமும் யாரும் விடுபட மாட்டார்கள். ஏழு வரிகள்.

ஆக, ஒரே இரண்டு நோட்டுகள். 'எத்தனை வரிகள்?' என்ற ஒரே கேள்வி. நாலு, ஆறு, ஐந்து, ஏழு என்று நாலு விடைகள். ஒன்றுகூடத் தவறில்லை. இடம், வலம் என்பதில் உயர்வு தாழ்வு எதுவும் கிடையாது. நோட்டுகளை மாற்றி வைத்தால் இட இணைப்பு வல இணைப்பாகிவிடும். யாருடைய பெயர் எந்தக் காரணத்தாலும் தொலையக் கூடாது என்று கேள்வி கேட்பவர் முன்கூட்டியே முடிவு செய்கிறார், அவ்வளவுதான். அந்த முடிவைக் கணினி எடுக்காது. எடுக்கவும் தெரியாது.

வெற்று வேறு, பூச்சியம் வேறு

அன்றைய தினம் ஒரு வள்ளத்துக்குச் சராசரி வருமானம் எவ்வளவு? நிவாரணம் கணக்கிடும் அதிகாரியோ, கடன் கொடுக்கும் வங்கியோ கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி. பதிவேட்டில் உள்ள வள்ளங்கள் விற்ற மொத்தத் தொகை 15,000 ரூபாய். வந்த மூன்று வள்ளங்களால் வகுத்தால் 5,000. ஊரின் ஐந்து வள்ளங்களால் வகுத்தால் 3,000. இட வெளி இணைப்பின் ஆறு வரிகளைக் கொடுத்து 'தொகையின் சராசரி சொல்' என்று கணினியைக் கேட்டால் அது 3,750 என்று சொல்லும்.

அந்த 3,750 எங்கிருந்து வந்தது? கணினி வெற்றைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை, கணக்கிலேயே சேர்க்கவில்லை. மீதி நாலு வரிகளால் வகுத்துவிட்டது. அது வள்ளத்தின் சராசரியே அல்ல, ஏலத்தின் சராசரி. அறிக்கையில் 'வள்ளம் ஒன்றுக்கு 3,750' என்று அச்சாகிவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

எண்ணும்போதும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். 'ஒவ்வொரு வள்ளத்துக்கும் எத்தனை ஏலம்?' என்று வரிகளை எண்ணச் சொன்னால் திரு இருதயத்துக்கு 1 என்று வரும். ஏலமே நடக்காத வள்ளத்துக்கு ஓர் ஏலம்! வெற்று வரியும் ஒரு வரிதானே என்று அது எண்ணிவிட்டது. வரிகளை எண்ணாதே, நிரம்பிய தொகைக் கட்டங்களை எண்ணு என்று திருத்திக் கேட்டால்தான் 0 வரும். நிரல் எழுதப் பழகுபவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது விழும் குழி இது.

வெற்றை எல்லா இடத்திலும் பூச்சியமாக மாற்றிவிட்டால் தொல்லை தீருமா? சில நேரம் தீரும். கடலுக்குப் போய் ஒன்றும் படாமல் வெறும் வலையோடு திரும்பிய வள்ளத்துக்குப் பூச்சியம் நியாயமான எண். ஆனால் இயந்திரம் பழுதாகிக் கரையிலேயே கிடந்த வள்ளத்துக்கு? வீரபாண்டியன்பட்டினத்தில் கரை ஏறி அங்கேயே நல்ல விலைக்கு விற்ற வள்ளத்துக்கு? இந்தக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் வழக்கமில்லை. ஏல நோட்டு ஞாயிறு முழுவதும் வெற்றாகவே இருக்கும். அதைப் பூச்சியமாக்கி வாரச் சராசரி எடுப்பவர், ஊருக்கு ஏழில் ஒரு பங்கு வறுமையைத் தன் கையாலேயே எழுதிச் சேர்க்கிறார்.

சல்லடையை எந்தக் கட்டத்தில் பிடிப்பது?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒருவர் கேட்கிறார்: 'எல்லா வள்ளங்களும் பட்டியலில் இருக்கட்டும், ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் போன ஏலங்களை மட்டும் அவற்றின் எதிரே காட்டு.' முதலில் வெளி இணைப்பு செய்து, பிறகு 2,000க்கு மேற்பட்டவற்றைச் சலித்தால் என்ன ஆகும்? அந்தோணியாரின் நண்டு போகும், சரி. திரு இருதயமும் சலேத் மாதாவும் சேர்ந்தே போய்விடும். வெற்று 2,000ஐவிடப் பெரிது என்று யாராலும் சொல்ல முடியாதே. அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய வரிகள் சத்தமில்லாமல் மறுபடி தொலைந்து, வெளி இணைப்பு உள் இணைப்பாகவே திரும்பிவிட்டது. மாறாக, ஏல நோட்டை முதலில் சலித்துவிட்டு அதன்பின் பதிவேட்டோடு இணைத்தால் ஐந்து வள்ளங்களும் நிற்கும். நிரலில் இந்த இரண்டுக்கும் அந்த நிபந்தனை இடம் மாறுவது மட்டுமே வித்தியாசம்.

'தெரியாது' என்ற மூன்றாவது விடை

இத்தனை தலைவலிக்கும் வேர் ஒரு மனிதரின் அழகான யோசனை. எட்கர் காட், இங்கிலாந்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாக இருந்தவர். பிறகு அமெரிக்கா போய் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களுக்கெல்லாம் அடித்தளம். அதற்கு முன்பு கணினியில் ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால், அது எந்தக் கிளையில், எதற்கு அடியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற வழி தெரிந்திருக்க வேண்டும். வழியைத் தூக்கி எறியுங்கள் என்றார் காட். எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக வைத்துக்கொள்ளுங்கள், எதை எதோடு பொருத்த வேண்டும் என்பதைக் கேட்கும் நேரத்தில் சொன்னால் போதும். 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அப்படிக் கேட்பதற்கு ஒரு மொழி வகுத்தார்கள். இன்று எஸ்.க்யூ.எல். என்று உலகம் முழுக்கப் புழங்குவது அதன் வாரிசு. 1981இல் காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது.

பொருந்தாத வரிகளை என்ன செய்வது என்ற கேள்வியை அவர் 1979இல் எழுதிய கட்டுரையில் முறையாக எடுத்துக்கொண்டார். வெளி இணைப்பை வரையறுத்தார். அதோடு வெற்றுக் கட்டங்களைக் கையாள ஒரு தருக்கத்தையும் கொடுத்தார். நமக்குப் பழக்கமான தருக்கத்தில் உண்மை, பொய் என இரண்டே விடை. காட்டின் தருக்கத்தில் மூன்று: உண்மை, பொய், தெரியாது. 'வெற்று 2,000ஐவிடப் பெரிதா?' தெரியாது. 'இந்த வெற்றும் அந்த வெற்றும் ஒன்றா?' அதுவும் தெரியாது. திரு இருதயம் என்ன மீன் பிடித்தது என்று தெரியாது, சலேத் மாதா என்ன பிடித்தது என்றும் தெரியாது. தெரியாத இரண்டும் ஒரே மீன் என்று எப்படிச் சொல்வது?

ஞாயமான பேச்சுதான். ஆனால் அது காட்டுக்கே முழுத் திருப்தி தரவில்லை. வெற்று என்றால் 'மதிப்பு உண்டு, நமக்குத் தெரியாது' என்பதும் இருக்கலாம், 'இவருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது' என்பதும் இருக்கலாம். கரையில் கிடந்த வள்ளத்திடம் என்ன மீன் பிடித்தாய் என்று கேட்பது இரண்டாவது வகை. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்று 1990இல் வெளிவந்த தன் நூலில் வாதாடினார். அப்படியானால் தருக்கத்தில் நாலு விடைகள் வேண்டும். அவரோடு சேர்ந்து உழைத்த கிறிஸ் டேட் எதிர்ப்பக்கம் நின்றார். வெற்றுக் கட்டம் என்பதே வேண்டாம், முழுத் தொல்லை என்பது அவர் கட்சி. இருவரில் யார் சொன்னதும் நடைமுறைக்கு வரவில்லை. புழக்கத்தில் உள்ள மொழியில் இன்றுவரை ஒரே ஒரு வெற்றுதான் இருக்கிறது.

வெளி இணைப்பை எழுதும் முறைகூடப் பல காலம் ஒழுங்குபடவில்லை. ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஒரு கூட்டல் குறியை அடைப்புக்குள் போட்டு எழுதுவார்கள், மற்றவர்கள் வேறு விதமாக எழுதினார்கள். எல்லோருக்கும் பொதுவான எழுத்துமுறை 1992ஆம் ஆண்டின் தரநிலையில்தான் வந்தது.

கடல் ராணியும் சலேத் மாதாவும்

முழு வெளி இணைப்பின் ஏழு வரிகளில் இடப்பக்கம் துணையில்லாமல் திரு இருதயமும் சலேத் மாதாவும் நிற்கின்றன. வலப்பக்கம் துணையில்லாமல் கடல் ராணி நிற்கிறது. கடல் ராணி வெளியூர் வள்ளம் என்று சற்று முன்பு நாம் ஊகித்தோம். வேறொன்றும் சாத்தியம். சலேத் மாதாவை ஒருவர் போன மாதம் விலைக்கு வாங்கி, புது வண்ணம் அடித்து, கடல் ராணி என்று பெயரும் எழுதிவிட்டார். பதிவேட்டில் இன்னும் மாற்றவில்லை. அப்படியானால் வராத வள்ளம் ஒன்றே ஒன்றுதான்.

அட்டவணையில் இதற்கு விடை கிடையாது. இரண்டு வெற்றுகள் எதிரெதிரே நிற்பதைக் காட்டுவதோடு வெளி இணைப்பின் வேலை முடிந்தது. அதன்பின் ஒருவர் நடந்து போய் வள்ளத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் உள் இணைப்பு செய்திருந்தால் போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்காது.

இப்போது ஒக்கிக்குப் போகலாம். அங்கே முதல் சிக்கல், இடப்பக்கம் வைக்கவே பட்டியல் இல்லை என்பது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரி மாவட்ட ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். அன்று எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்த முழுப் பதிவேடு கிடையாது. புயலுக்குப் பிறகு வீடு வீடாகக் கேட்டுத்தான் அதை உருவாக்கினார்கள். பங்குகளின் பட்டியல் அரசின் பட்டியலைவிட நீண்டதற்கு இது ஒரு காரணம். பங்குகள் புறப்பட்டவர்களிலிருந்து எண்ணத் தொடங்கின.

இரண்டாவது சிக்கல் சாவி. படகு ஒரு மாநிலத்தது, ஆள் இன்னொரு மாநிலத்தவர். குமரி மீனவர்கள் பலர் கேரளத் துறைமுகங்களிலிருந்து, கேரளப் பதிவுள்ள படகுகளில் தொழில் செய்பவர்கள். 68 படகுகளில் 952 மீனவர்கள் மகாராஷ்டிரக் கரையில் பத்திரமாக ஒதுங்கினார்கள் என்ற செய்தி டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. 66 படகுகள் கேரளத்தவை, இரண்டு தமிழ்நாட்டவை என்றார்கள். படகைச் சாவியாக வைத்துப் பொருத்தினால் தமிழகப் பட்டியலில் இரண்டு படகு ஆட்கள் மட்டுமே குறைவார்கள். ஆளைச் சாவியாக வைத்தால் கதையே வேறு. ஆளின் பெயரோ, அந்தோணி, சூசை, சேவியர் என்று நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே பெயர் உள்ள கரை இது. தமிழில் ஒரு விதமாகவும், மலையாளத்தில் ஒரு விதமாகவும், ஆதாரில் மூன்றாவது விதமாகவும் எழுதப்படும் பெயர். ஒரே ஆள் இரண்டு பேராவார். இரண்டு பேர் ஒருவராவார்கள்.

மூன்றாவது, எதிர்ப்பக்கத்து வெற்று. கடல் ஒதுக்கிய உடல்கள் மருத்துவமனைகளில் அடையாளம் தெரியாமல் கிடந்தன. ஒரு பக்கம் பெயர் உண்டு, உடல் இல்லை. மறுபக்கம் உடல் உண்டு, பெயர் இல்லை. முழு வெளி இணைப்பின் இரண்டு முனைகள். முகத்தாலோ உடையாலோ பொருத்த முடியாத இடத்தில் உறவினர்களின் ரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். தேய்ந்து போகாத சாவி அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அதற்கும் பொருந்தாமல் நின்ற பெயர்கள் இருந்தன. 'காணவில்லை' என்பது காட் சொன்ன மூன்றாவது விடைதான். ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் காலம் தள்ள முடியாது. அன்று நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கருத முடிந்தது. ஒக்கியில் அந்த ஏழு ஆண்டுகளுக்குக் காத்திருக்க வைக்காமல், காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கும் தமிழக அரசு தலா 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. வெற்றை நிரப்பியது கணக்கு அல்ல, ஒரு நிர்வாக முடிவு.

சலாபம் நடக்காத ஆண்டுகள்

வெளி இணைப்பில் இடப்பக்கம் நிற்பது ஆட்களாகவோ படகுகளாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை. நாட்காட்டியையே நிறுத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு, அதாவது சலாபம், ஆண்டுதோறும் நடந்ததல்ல. கடலடியில் சிப்பி படியும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் அவற்றில் பேர்போனது. பாரில் சிப்பி விளைந்தால்தான் சலாபம். 1926, 1927, 1928 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. அடுத்து 1955 முதல் 1961 வரை நடந்தது. சலாபம் நடந்த ஆண்டுகளை மட்டும் எழுதிய பட்டியலில் பத்து வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கமாக நிற்கும். 1928க்கு அடுத்த வரி 1955. இடையில் ஒரு தலைமுறையே முத்துக் குளிக்காமல் வளர்ந்தது என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தால் கண்ணில் படாது. 1926 முதல் 1961 வரை எல்லா ஆண்டுகளையும் இடப்பக்கம் எழுதி வெளி இணைப்பு செய்தால் 36 வரிகள் வரும், 26 வெற்று.

இந்த வெற்றும் ஒரே வகை அல்ல. சலாபம் அறிவிக்கும் முன் அதிகாரிகள் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அகவையும் முத்தின் மதிப்பும் பார்த்து, குளிப்பு கட்டுமா என்று முடிவு செய்வார்கள். ஆகவே பார்ச் சோதனைகளின் பட்டியலை மூன்றாவதாகக் கொண்டுவந்து அதே நாட்காட்டியோடு இணைக்க வேண்டும். அப்போது 'சோதித்தார்கள், சிப்பி விளையவில்லை' என்ற ஆண்டும் 'யாரும் இறங்கிப் பார்க்கவேயில்லை' என்ற ஆண்டும் தனித்தனியே பிரியும். முன்னதைக் கடலின் கணக்கில் எழுதலாம், பின்னதை எழுத முடியாது.

இனி சராசரி. 36 ஆண்டுகளில் பத்துச் சலாபங்கள். ஏறக்குறைய மூன்றரை ஆண்டுக்கு ஒன்று. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் நாட்காட்டியை 1961இல் முடித்தவர் யார்? கடைசிச் சலாபம் நடந்த ஆண்டோடு நாம்தான் முடித்தோம். வலப்பக்கத்துப் பட்டியல் எங்கே முடிகிறதோ அங்கேயே இடப்பக்கத்தையும் வெட்டிவிட்டோம். அதன்பின் தூத்துக்குடிப் பார்களில் சலாபம் நடக்கவில்லை. நாட்காட்டியை 2025 வரை நீட்டினால் சரியாக நூறு வரிகள் ஆகும். சலாபம் நடந்த வரிகள் அதே பத்து. பத்தாண்டுக்கு ஒன்று என்று சராசரி விழுகிறது. மேலே ஒரு வரிகூட மாறவில்லை, கீழே 64 வெற்று வரிகள் சேர்ந்தன, அவ்வளவே.